முப்பத்தெட்டு விநாடி மங்கல்

துப்பறிவாளர் அந்தக் காட்சியை ஒன்பதாவது முறை ஓடவிட்டார்.

கல்யாண மண்டபத்தின் வாசல். ஓரத்தில் மணப்பெண்ணின் தோள். எதிரே அவள் அப்பா. அவர் வாய் அசைகிறது. கை நீள்கிறது. ஆனால் முகம் தண்ணீரில் விழுந்த மைபோலக் கலைந்து கிடக்கிறது. அவருக்குப் பின்னால், மண்டபத்துக்குள் ஒரு தூணருகே, யாரோ ஒரு பெண் நிற்கிறாள். அவள் கண் இமைகளை எண்ணலாம். அவ்வளவு தெளிவு. காட்சி முழுவதும் வயலின் ஒலிக்கிறது.

முப்பத்தெட்டு விநாடி.

“இதுதான் மேடம்,” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்தவள். அந்த மணப்பெண். கல்யாணமாகி இரண்டு மாதம். “இதுக்கப்புறம் பதினோராம் நாள் அப்பா தூக்கத்துலயே போயிட்டார்.”

“என்ன சொன்னார்?”

“அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்தேன்.”

துப்பறிவாளர் நிமிர்ந்தார். அவர் முன்பு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவர். யாராவது பேசினால் முடிக்கும்வரை காத்திருப்பது அவர் பழக்கம்.

“அப்பா பேசறப்ப அத்தை என் இன்னொரு காதுல ‘பெட்டி சாவி எங்கடி’ன்னு கேட்டுட்டே இருந்தாங்க. நான் சாவியை யோசிச்சேன். அப்பா நிறுத்தினார். நான் ‘சரிப்பா’ன்னு தலையாட்டினேன். அவர் எதையோ சொல்லியிருக்கார், நான் சரின்னு ஒத்துக்கிட்டிருக்கேன். என்னன்னு தெரியல.”

“சாவி கிடைச்சதா?” என்றான் ஒட்டடை. துப்பறிவாளரின் உதவியாளன். ஆறடி உயரம், அதில் அகலம் சேரவில்லை. அதனால் அந்தப் பெயர்.

“அத்தை கைப்பையிலயே இருந்தது.”

அவன் அடுத்துச் சொல்ல வைத்திருந்ததை விழுங்கிக்கொண்டான்.

“வயலினை எடுத்துட்டா சத்தம் இருக்குமே?” என்றார் துப்பறிவாளர்.

“கேட்டு வாங்கினேன். இதோ.”

அதே காட்சி, வயலின் இல்லாமல். அப்பாவின் வாய் அசைந்தது. ஒரு இளைஞனின் குரல் வந்தது. “டிக்கி சாத்தலப்பா. அந்தச் சிவப்புப் பெட்டியைப் படுக்க வை. இல்ல, படுக்க வைன்னேன்.”

“என் வீட்டுக்காரர்,” என்றாள். “அவர் சட்டையில குத்தின மைக்கை யாரும் கழட்டல. அதைக் கேமராவுல செருகிட்டா கேமராவோட சொந்தக் காது அடைஞ்சுடுமாம். அவர் கார்கிட்ட நின்னு பேசினதுதான் பதிவாகியிருக்கு.”

“பின்னாடி தெளிவா நிக்கிறவங்க?”

“என் வீட்டுக்காரர் ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்க. விசாரிச்சேன். எதுவும் கேக்கலையாம்.”

“வீடியோக்காரர்?”

“பெரிய லென்ஸ் போட்டுட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாராம். ஒரு வார்த்தையும் காதுல விழலைங்கிறார். நாலு தடவை ஃபோன் பண்ணிட்டேன். நாலு தடவையும் அதேதான். வேற கேமராவுல அப்பா முகம் தெளிவா விழுந்திருந்தா, உதட்டைப் பார்த்துப் படிக்கிறவங்ககிட்ட காட்டலாம். அதுவும் இல்லையாம்.”

“வீடியோக்காரர் எங்க நின்னார்னு நீ பார்க்கலையா?”

“சாவியைத் தவிர அந்த நேரம் எனக்கு எதுவும் ஞாபகமில்லை மேடம்.”

அவள் எழுந்தாள். கதவருகே நின்றாள்.

“அப்பா என்கிட்ட எதையும் கேட்டதே இல்ல. அன்னிக்குத்தான் முதல் தடவையா ஏதோ கேட்டிருக்கார். அதைச் செய்யணும் மேடம்.”

அவள் போனதும் ஒட்டடை நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். “ஊமை கண்ட கனா கேஸ் மேடம் இது. சொன்னவர் இல்ல. கேட்க வேண்டியவ கேக்கல. கேமரா டிக்கியைக் கேட்டிருக்கு.”

“எழுந்து அந்தச் சுவரோரமா நில்லு. கையை என் பக்கமா நீட்டு.”

அவன் நின்றான். அவர் அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தார். பிறகு நடந்து வந்து அவன் விரல் நுனிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டார்.

“என்ன மேடம், உங்க கன்னத்துல அறை விழணுமா?”

“தூரத்திலேர்ந்து பார்த்தப்ப உன் கை உன் முகத்தைவிடச் சின்னது. இங்கேர்ந்து பார்த்தா உன் முகத்தையே மறைக்குது.” அவர் திரையைத் தட்டினார். “அவர் கையைப் பார்.”

கலங்கிய முகம். அதைவிடப் பெரிய, கலங்கிய கை.

ஒட்டடை குனிந்து பார்த்தான். “கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குங்கிறாங்க. ஒன்பது தடவை பார்த்தும் எனக்குத் தெரியலையே.”

“ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இல்ல, பெரிய லென்ஸும் இல்ல. அந்த ஆள் கை எட்டும் தூரத்தில நின்னிருக்கார். எல்லாத்தையும் கேட்டிருப்பார்.”

“அப்ப ஏன் பொய்?”

“செருப்பை மாட்டு.”

*

கேமரா வாடகைக் கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. உள்ளே நுழையும்போது ஒட்டடை தலையை இடித்துக்கொண்டான். கண்ணாடி அலமாரிகளில் லென்ஸ்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு அலமாரியிலும் ஈரம் காட்டும் சின்ன முள். கடைக்காரர் ரப்பர் உருண்டையை அமுக்கி ஒரு கண்ணாடியிலிருந்து தூசியை ஊதிக்கொண்டிருந்தார்.

“கல்யாணமா? எத்தனை கேமரா?”

“முதல்ல பொண்ணு வேணும்,” என்றான் ஒட்டடை.

“அது இங்க வாடகைக்கு இல்ல.”

துப்பறிவாளர் தாம் கல்யாண வீடியோவுக்கு ஆள் பார்ப்பதாகச் சொன்னார். எந்த லென்ஸ் நல்லது என்று கேட்டார். கடைக்காரர் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே அவர் காலையில் கடை திறப்பவர்போல் இருந்தது.

“லென்ஸ்ல நல்லது கெட்டது இல்லம்மா. எங்க நிக்க விடுவாங்கங்கிறதுதான். மேடைக்கு இருபத்திநாலு-எழுபது. கூட்டத்துக்குப் பின்னாலேர்ந்து எடுக்கணுமா, இதோ, எழுபது-இருநூறு.”

“இது லென்ஸா, பீரங்கியா?”

“அழுகைக்கு இதுதான். தூரத்தில நின்னாத்தான் ஜனங்க மனசு விட்டு அழுவாங்க. கிட்டப் போனா முகத்தைத் துடைச்சுக்குவாங்க.” அவர் இன்னொன்றை எடுத்தார். உள்ளங்கையில் அடங்கியது. “இது முப்பத்தஞ்சு. கையை நீட்டினா மாப்பிள்ளை மூக்கைப் பிடிக்கலாம், அவ்வளவு கிட்டப் போகணும். வெளிச்சம் கம்மியான இடத்துக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா லென்ஸ் வாயை முழுசாத் திறந்துட்டா ஒரே ஒரு முகம்தான் தெளிவா நிக்கும். மத்தது எல்லாம் கரைஞ்சு போயிடும்.”

“எந்த முகம்னு யார் முடிவு பண்றது?”

“கேமராதான். ஆனா நாம சொல்லிக் குடுத்தபடி. கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்ணு, மாப்பிள்ளை முகத்தை உள்ள பதிஞ்சு வச்சுடுவாங்க. யாருக்கு முதலிடம், யாருக்கு ரெண்டாமிடம்னு வரிசையும் போட்டுடலாம். கூட்டத்தில எங்க நின்னாலும் கேமரா முதலிடத்துக்காரங்களைத்தான் பிடிக்கும்.”

“என் முகத்தைப் பதிஞ்சா?”

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “செங்குத்தாப் பிடிக்க வேண்டியிருக்கும்.”

துப்பறிவாளர் வீடியோக்காரரின் பெயரையும் கல்யாணத் தேதியையும் சொன்னார். கடைக்காரர் நோட்டைப் புரட்டினார்.

“ரெண்டாம் நம்பர் கேமரா. இருபத்திநாலு-எழுபது. முப்பத்தஞ்சு. அவ்வளவுதான்.”

“எழுபது-இருநூறு?”

“அது அப்ப ரிப்பேருக்குப் போயிருந்தது. வளையம் இறுகிடுச்சு. ‘பெரிசு இல்லாம எப்படிய்யா கல்யாணம் எடுப்பே’ன்னு கேட்டேன். ‘கிட்டப் போய் எடுத்துக்கறேன்’னார்.”

ஒட்டடை துப்பறிவாளரைப் பார்த்தான்.

“ரெண்டாம் நம்பரைத்தான் எப்பவும் கேப்பாரா?”

“அதை ஏம்மா கேக்கறீங்க! அதைவிட நல்லதா மூணு வந்தாச்சு. இருட்டுலயும் பளிச்னு எடுக்கும். தொட மாட்டேங்கிறார். நாலு வருஷமா அதே கிழம்தான். வேற யாரும் அதைக் கேக்கறதில்ல. அவருக்காகவே வச்சிருக்கேன்.”

“பார்க்கலாமா?”

கேமராவின் அடியில் ஒரு வெள்ளை ஒட்டுப்பட்டை இருந்தது. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது. ‘ஒண்ணை அழிக்காதே.’

கடைக்காரர் பொத்தான்களை அமுக்கி முகங்களின் பட்டியலைத் திறந்தார். எட்டுக் கட்டங்கள். ஏழு காலி. முதல் கட்டத்தில் ஒரு பெண். பதினெட்டு, இருபது வயது இருக்கும். சிரிக்கக் கூடாது என்று யாரோ சொல்லி அதனாலேயே சிரிப்பு வந்த முகம்.

ஒட்டடை மெல்ல விசில் அடித்தான். “மண்டபத்துத் தூணுக்குப் பக்கத்தில நிக்குதே, அந்தப் பொண்ணு.”

“இல்ல. மாதிரி இருக்கா.” துப்பறிவாளர் திரையைக் கண்ணருகே கொண்டுபோனார். “காது வேற. அதோட இது ஆளை நிக்க வச்சு எடுத்ததில்ல. படத்தைப் படம் எடுத்திருக்கு. இந்த மூலையில பார், நீலமா ஒரு வளைவு. ரப்பர் முத்திரை. அடையாள அட்டை.”

“அப்ப?”

“ஆள் கிடைக்கலைன்னாத்தான் அட்டையைப் படம் எடுப்பாங்க.”

*

“வீட்டை விட்டுப் போன பொண்ணு,” என்றான் ஒட்டடை தெருவில் நடக்கும்போது. “அப்பன் கல்யாணம் கல்யாணமாப் போய்க் கூட்டத்தில தேடறான். கண்ணு அசந்தாலும் கேமரா அசராது. அன்னிக்குப் பிடிச்சுடுச்சு. அதை மறைக்கத்தான் பொய்.”

“இருக்கலாம்.”

“உங்க ‘இருக்கலாம்’ எனக்குப் பிடிக்காது மேடம். ‘இல்ல’ன்னு சொல்றதுக்கு முந்தின ஸ்டாப்பிங் அது.”

ஸ்டுடியோ ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது. தையல் இயந்திரங்களின் அதிர்வு தரையில் தெரிந்தது. வீடியோக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து யாருடைய கல்யாணத்தையோ வெட்டிக்கொண்டிருந்தார். சுவர் முழுவதும் மணமக்கள்.

துப்பறிவாளர் உட்காரவில்லை.

“எழுபது-இருநூறு அன்னிக்கு ரிப்பேர்ல இருந்தது.”

வீடியோக்காரர் கை மவுஸின்மேல் நின்றது.

“நீங்க கையில வச்சிருந்தது முப்பத்தஞ்சு. அந்த அப்பாவோட கை உங்க லென்ஸைத் தொடற தூரத்தில இருந்தது. அவர் பேசினது உங்க காதுல விழுந்திருக்கணும்.”

“விழலை.”

“உங்க பொண்ணு எப்ப காணாமப் போனா?”

வீடியோக்காரர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

“காணாமப் போகலை மேடம். எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். நான்தான் கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். ஆறு வருஷம் ஆச்சு. காய்ச்சல். மூணு நாள்.”

கீழே தையல் இயந்திரம் ஒன்று நின்றது. துப்பறிவாளர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“என் கணக்கு தப்பு,” என்றார். “மன்னிக்கணும்.”

“பரவாயில்ல. யாருக்கும் தெரியாது.” அவர் முகத்தைத் துடைக்கவில்லை. துடைக்க எதுவும் இல்லை. “அந்தக் கேமரா கடைக்கு வந்தது அவ போய் ரெண்டு வருஷம் கழிச்சு. முகம் பதியற வசதி புதுசு. சோதிச்சுப் பார்க்க ஒரு முகம் வேணும். பர்ஸ்ல அவ காலேஜ் அட்டை இருந்தது. பதிஞ்சேன். வேலை செஞ்சுது. மெனுவை விட்டு வெளிய வரப்ப கேமரா ‘அழிக்கவா’ன்னு கேட்டுது. இல்லைன்னு அமுக்கிட்டேன். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அதே கேள்வி. நான் அதே பதில். நாலு வருஷமா எந்த மணப்பொண்ணுக்கும் என்கிட்ட ரெண்டாம் இடம்தான் மேடம். யாருக்கும் தெரியாது. அவ வரப்போறதில்ல, அதனால யாருக்கும் நஷ்டமில்லைன்னு நினைச்சேன்.”

“அன்னிக்குக் கேமரா திரும்பிடுச்சு.”

“அந்தப் பொண்ணோட அப்பா பேச வந்தார். முகத்தில ஃபோகஸ் கட்டம் விழுந்தது. சரியாத்தான் இருந்தது. சட்டுனு கட்டம் அவரை விட்டுட்டுப் பின்னால ஓடிச்சு. தூணுக்குப் பக்கத்தில நின்னுது. கட்டத்துக்கு மேல ‘ஒண்ணு’.”

ஒட்டடை குறுக்கிட்டான். “நம்பிட்டீங்களா?”

“ரெண்டு விநாடி. மூணாவதுல தெரிஞ்சுடுச்சு. காது வேற.”

“மிச்சம் முப்பத்தஞ்சு விநாடி இருந்ததே,” என்றார் துப்பறிவாளர். “ஒரு பொத்தானை அமுக்கினா அவர் முகத்துக்குத் திரும்பியிருக்கும்.”

“விரல் பொத்தான்மேலதான் இருந்தது.” அவர் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தார். “இருந்திருந்தா இந்த வயசில இப்படித்தான் இருப்பாளான்னு பார்த்துட்டிருந்தேன்.”

அவர் விரலை மடக்கிக்கொண்டார்.

“அவர் என் முழங்கைக்குப் பக்கத்தில நின்னு பேசினார் மேடம். மூச்சு மேல பட்டுது. காது இருந்துச்சு, நான் இல்ல. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை தெரிஞ்சாக்கூட அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லியிருப்பேன்.”

“அதுக்கு ஏன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனீங்க?”

“முதல் தடவை ஃபோன் பண்ணினப்ப ‘நீங்க கேட்டிருப்பீங்களேண்ணா’ன்னு அழுதா. எனக்கு ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ‘நல்லா இரும்மான்னாரு’ன்னு. யாரும் தப்புன்னு சொல்ல முடியாது. அவளும் நம்பியிருப்பா. அதைச் சொல்லிடுவேனோன்னு பயந்துதான், தூரத்தில நின்னேன்னு சொன்னேன். பெரிய பொய்க்குப் பயந்து சின்னப் பொய்.”

அவர் எழுந்து தண்ணீர் குடித்தார்.

“அவளை வரச் சொல்லுங்க. நானே சொல்லிடறேன்.”

*

அவள் வர அரை மணி நேரம் ஆகும் என்றாள். துப்பறிவாளரும் ஒட்டடையும் மாடிப்படியில் காத்திருந்தார்கள்.

“அவர் சொன்ன வாக்கியம் நல்லாத்தானே இருக்கு மேடம்,” என்றான் அவன். “சொல்லிடலாமே. எல்லா அப்பாவும் அதைத்தானே சொல்லுவாங்க.”

“எல்லா அப்பாவும் சொல்றது போதும்னா அவ நம்மகிட்ட வந்திருக்க மாட்டா.”

“நாம ஒண்ணும் கண்டுபிடிக்கலைன்னு ஆயிடும்.”

“கண்டுபிடிச்சோமே. கேட்டவங்க யாரும் இல்லைன்னு.”

“அதைக் கேட்க ஒரு பொண்ணு பஸ் பிடிச்சு வந்துட்டிருக்கா,” என்றான் ஒட்டடை. “போன தடவை தொலைஞ்ச நாயைத் தேடினோம். அது நல்ல கேஸ். கடிச்சுது, ஆனா நல்ல கேஸ்.”

*

வீடியோக்காரர் எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னார். எதையும் குறைக்கவில்லை. சுற்றி வளைக்கவும் இல்லை. அவள் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒருமுறை மட்டும் குறுக்கிட்டாள்.

“முப்பத்தெட்டு விநாடியும் அந்தப் பக்கம்தான் பார்த்தீங்களா?”

“ஆமாம்மா.”

அவள் முகம் சிவந்தது. “அவர் எங்கப்பா. உங்களுக்குப் பக்கத்தில நின்னுட்டிருந்தார். பேசிட்டிருந்தார்.”

“ஆமாம்மா.”

“கடைசித் தடவை.”

அவள் எழுந்து ஜன்னல்வரை போனாள். கீழே யாரோ ஒரு சட்டையின் அளவைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பும்போது குரல் இறங்கியிருந்தது.

“நானும் பக்கத்திலதான் நின்னுட்டிருந்தேன்.”

“இன்னொண்ணு இருக்கும்மா,” என்றார் வீடியோக்காரர். “உங்களுக்குக் குடுக்காதது. தூணுக்குப் பக்கத்தில நின்னவங்க உள்ள போனதும் கட்டம் திரும்ப உங்க அப்பாகிட்ட வந்துச்சு. ஒரு விநாடி. ஃபோகஸ் தாவறது அசிங்கமா இருந்ததுன்னு வெட்டிட்டேன். பேச்சு முடிஞ்சிருச்சு. உதடு படிக்க ஒண்ணும் இல்ல.”

“போடுங்க.”

திரையில் மங்கல் ஒரு கணம் நெளிந்தது. பிறகு அவள் அப்பா வந்தார். காதோரம் சவரம் செய்யாமல் விட்ட மூன்று முடிகள் வரை தெரிந்தன. வாய் மூடியிருந்தது. ஓரத்தில் மகளின் தலை அசைந்து நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைச்சுமையை இறக்கி வைத்தவரின் முகம்.

விநாடி முடிந்தது.

“இன்னொரு தடவை.”

போட்டார்.

“இன்னொரு தடவை.”

ஏழாவது முறை முடிந்ததும் அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “நான் கேட்டுட்டேன்னு நினைச்சிருக்கார். எவ்வளவு நிம்மதியா ஏமாந்திருக்கார் பாருங்க.”

துப்பறிவாளர் வாயைத் திறந்தார். ஆறுதலாகச் சொல்ல அவரிடமும் ஒரு வாக்கியம் இருந்தது. சொல்லவில்லை.

அவள் மூக்கை உறிஞ்சினாள். வீடியோக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

“உங்க பொண்ணு எப்படி இருந்தாங்க? அந்த முப்பத்தஞ்சு விநாடி.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“கல்யாண வயசு வந்துட்ட மாதிரி இருந்துச்சும்மா.”

அவள் தலையை அசைத்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அந்த முப்பத்தெட்டு விநாடியை நீங்களே வச்சுக்கங்கண்ணா. அதில எனக்கு ஒண்ணும் இல்ல. இந்த ஒரு விநாடியை மட்டும் குடுங்க.”

அவர் உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்தார்.

“எங்கேர்ந்து வெட்டட்டும்மா?”

“நான் தலையாட்டி முடிச்சதுக்கு அப்புறம்.”

ஒரு விநாடியில் இருபத்தைந்து படங்கள். அவர் ஒவ்வொன்றாக நகர்த்தினார். ஓரத்தில் அவள் தலை கீழே போனது, மேலே வந்தது, நின்றது. அங்கே வெட்டினார்.

பதினேழு படங்கள் மிஞ்சின.